36 வயதில் முடிந்த வாழ்க்கை! அரியலூர்க் கடலுக்குக் கணக்கு எழுதியவரின் கதை

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்கள் இன்னும் சற்றுத் தூரம் போனால் அந்த ஊருக்குப் போய்விடலாம்.

அங்கே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது.

நேற்றுப் புயலில் விழுந்த மரம் அல்ல. பாட்டன், பூட்டன் காலத்தில் விழுந்த மரமும் அல்ல. அது விழுந்து சுமார் 12 கோடி ஆண்டு ஆகிறது!

மரம் என்று பெயரே தவிர, இப்போது அது கல். கோடாலியால் வெட்டினால் கோடாலிதான் மழுங்கும். நீளம் 18 மீட்டர். அதாவது ஏறக்குறைய 60 அடி. "கல்மரம்" என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்.

மரம் எப்படிக் கல் ஆயிற்று?

அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கரையில் வளர்ந்த மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்தது. சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே மரம் சீக்கிரம் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற கற்சத்து, மரத்தின் நுண்ணிய துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்தது. மரச்சத்து போன இடத்தில் கற்சத்து வந்து உட்கார்ந்தது. வடிவம் மட்டும் மாறவில்லை.

1940-ம் ஆண்டில் இந்த மரத்தைப் பற்றி வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர், எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சைச் சீமை மகாராஜபுரத்தில் பிறந்தவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

காலண்டர்த் தாள் கணக்கு

12 கோடி ஆண்டு என்பதை வாயால் சொல்லிவிடலாம். மனதில் அது பதிவது கடினம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும்.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் ஒரு தாளை ஒரு நாள் என்று வைக்காமல், ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 100 தாளை அடுக்கினால் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றும் வைத்துக்கொள்வோம்.

அந்தக் கல்மரத்தின் வயதுக்குத் தாள் அடுக்கினால், அடுக்கு 12 கிலோமீட்டர் உயரம் போகும். எவரெஸ்ட் சிகரத்தையும் தாண்டி, அதற்கு மேலும் 3 கிலோமீட்டர்!

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய பெரிய கோவில், ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. அதற்கு எத்தனை உயரம்? 10 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட வராது.

80 வயது வரை வாழ்ந்த ஒரு மனிதருக்கு? வெறும் 8 மில்லிமீட்டர். சுண்டு விரல் கனம்கூட இல்லை.

36 வயதில் போய்விட்டவருக்கு 4 மில்லிமீட்டரும் வராது.

80-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம், இந்த அடுக்கில் ஒரு நெல்லின் நீளம்கூடத் தேறாது. ஆனால் பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வித்தியாசம்தான் எல்லாம். இரண்டும் உண்மை.

36 தாளோடு காலண்டர் முடிந்துபோன ஒருவர், அரியலூர்க் கற்களுக்காகத் தம் 10 தாள்களைச் செலவிட்டார். அவர் பெயர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அரியலூரில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகவும் குறைவு.

சுவரில் இருக்கும் கடல்

அவர் கதைக்கு முன்பு, அரியலூர்க் கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. தெற்கே இருந்த ஒரு பெரிய கண்டத்திலிருந்து பிரிந்து, மெதுவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கடல் உள்ளே புகுந்தது. பல கோடி ஆண்டு அங்கேயே இருந்தது. இடையிடையே பின்வாங்கியது, மறுபடி வந்தது. பிறகு ஒரேயடியாக விலகிவிட்டது.

கடல் போய்விட்டது. அதில் வாழ்ந்தவை போகவில்லை!

சிப்பி, சங்கு, கடல் முள்ளெலி, பவளம், சுறாவின் பல் எல்லாம் கல்லோடு கல்லாக இருக்கின்றன. "அம்மோனைட்" என்ற ஒரு பிராணியின் ஓடு இங்கே ஏராளம். சுருட்டி வைத்த சக்கரவாணம்போல இருக்கும். காசு அளவும் உண்டு. தாம்பாளம் அளவும் உண்டு. பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம்போல் ஒரு சுருள் தெரிகிறது அல்லவா? அதுவும் அம்மோனைட்தான். அது இமயமலைப் பக்கம் இருந்த வேறொரு கடலைச் சேர்ந்தது.

அரியலூர் என்றதும் மக்களுக்கு நினைவு வருவது சிமெண்ட். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் அங்கே ஓயாமல் ஓடுகின்றன. அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுதான். அரியலூர் சிமெண்ட் வாங்கி வீடு கட்டியவர்களின் சுவருக்குள் 7 கோடி ஆண்டுக்கு முந்திய கடல் இருக்கிறது!

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் இல்லை. அந்தக் கல்லங்குறிச்சியின் பெயர் உலகமெங்கும் உள்ள நிலவியல் புத்தகங்களிலும் இருக்கிறது. சிப்பிகள் நிறைந்த ஒரு சுண்ணாம்புக் கல் அடுக்குக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். காரை, சில்லக்குடி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் ஆகிய ஊர்ப் பெயர்களுக்கும் அதே பெருமை. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி இந்தப் பெயர்களைச் சொல்லுகிறார்கள்.

கல் பொறுக்கிய துரைமார்

இதை முதலில் கவனித்தவர்கள் நிலவியல் படித்தவர்கள் அல்ல. சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள். ஒருவர் பெயர் கே. இன்னொருவர் கன்லிப். 1840-ம் ஆண்டு வாக்கில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லான சிப்பிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். கலெக்டர் கச்சேரி வேலைக்கு நடுவே கல் பொறுக்கிய அந்தத் துரைமாரைப் பார்த்து, ஊர் மக்கள் என்ன நினைத்தார்களோ!

கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கே எட்வர்டு போர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றைப் பார்த்து, 1846-ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பாவில் சுண்ணாம்புக் கல் மலைகள் உண்டான அதே காலத்தில்தான் தென்னிந்தியாவின் இந்தக் கற்களும் உண்டாயின என்பதை உலகம் அறிந்தது.

போர்ப்ஸ் சுறுசுறுப்புக்குப் பேர்போனவர். கடலுக்கு அடியில் வலை போட்டு இழுத்து உயிர்களை ஆராய்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1854-ம் ஆண்டு அது கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் இறந்துவிட்டார். வயது 39.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. 1,800 அடிக்குக் கீழே கடலில் உயிரே இருக்காது என்று அவர் கருதினார். பிற்காலத்தில் அதைவிடப் பன்மடங்கு ஆழத்திலும் உயிர்கள் கிடைத்தன. தென்னிந்தியக் கற்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை மட்டும் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

பாதியில் நின்ற வேலை

1851-ல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கியது. தாமஸ் ஓல்டாம் அதன் தலைவர். ஹென்றி பிளான்போர்டு என்ற இளைஞர், 1855-ல் தம் அண்ணன் வில்லியமுடன் அந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது பெரம்பலூர் மாவட்டமும் கிடையாது. அரியலூர் மாவட்டமும் கிடையாது. எல்லாம் திருச்சிராப்பள்ளி ஜில்லா. பெரம்பலூர் 1995-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது 2007-ல்.

அந்த ஜில்லாவின் கரிசல் காட்டிலும் ஓடைகளிலும் பிளான்போர்டு அலைந்தார். எந்தக் கல் கீழே இருக்கிறது, எது மேலே இருக்கிறது என்று பார்த்து வரைபடம் போட்டார். கீழே இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, வெயிலில் மைல் கணக்காக நடக்க வேண்டும்.

கல் அடுக்குகளை மூன்றாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். அந்த மூன்று பெயரும் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

சேர்த்த சிப்பிகளை ஒவ்வொன்றாக விவரித்துப் புத்தகம் எழுதத் தொடங்கினார். முதல் பகுதி 1861-ல் வந்தது. அதற்குள் உடம்பு படுத்துவிட்டது. 1862-ல் அந்த வேலையை விட்டார்.

கல்கத்தாவில் சிப்பிகள் காத்துக் கிடந்தன. எழுத ஆள் இல்லை.

காட்டு அதிகாரியின் மகன்

அந்த ஆண்டு கடைசியில் கல்கத்தா வந்து இறங்கியவர்தான் ஸ்டோலிச்கா. வயது 24.

இன்றைய செக் நாட்டில், மொராவியா என்ற பகுதியில், 1838-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பிறந்தார். தகப்பனார் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். மகன் காட்டிலேயே வளர்ந்தான் என்று சொல்லலாம். பிறகு வியன்னாவில் படித்தார். டாக்டர் பட்டம் பெற்றார். ஓல்டாம் கூப்பிட்டதும் கப்பல் ஏறிவிட்டார்.

வந்தவரிடம், பிளான்போர்டு பாதியில் விட்ட வேலையை ஓல்டாம் ஒப்படைத்தார்.

இன்னொருவர் தொடங்கிய வேலை! இளைஞர்கள் பொதுவாக இதை விரும்புவதில்லை. "என் பெயருக்குப் புதிதாக ஒன்று வேண்டும்" என்பார்கள். ஸ்டோலிச்கா மறுக்கவில்லை.

அது என்ன மாதிரி வேலை?

ஒரு சிப்பியை எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் நீக்க வேண்டும். நீளம், அகலம் அளக்க வேண்டும். மேலே எத்தனை வரி, ஓரம் எப்படி, வாய் எப்படி என்று எழுத வேண்டும். ஓவியரை வைத்து அச்சொட்டாகப் படம் வரையச் செய்ய வேண்டும். உலகில் வேறு எங்காவது இதே சிப்பியை யாராவது ஏற்கெனவே விவரித்திருக்கிறார்களா என்று பல மொழிப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். இருந்தால் அந்தப் பெயர். இல்லாவிட்டால் புதுப் பெயர் வைக்க வேண்டும்.

இப்படி ஒன்று அல்ல, பத்து அல்ல, நூற்றுக்கணக்கில்!

1863-ல் தொடங்கினார். முதலில் அம்மோனைட்டுகள். பிறகு நத்தை, சங்கு வகை. அப்புறம் இரட்டை ஓடு உள்ள சிப்பிகள். கடைசியில் கடல் முள்ளெலி, பவளம் முதலியவை. நான்கு பெரிய தொகுதிகள். நான்காவது தொகுதி 1873-ல் முடிந்தது. பத்து ஆண்டில் அந்தக் கடல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டார்.

அந்தப் பத்து ஆண்டும் அவர் மேஜையே கதி என்று இருக்கவில்லை. 1864-லும் 1865-லும் இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே உயர்ந்த மலை மேலும் அம்மோனைட்டுகள்! பர்மா, மலேயா, அந்தமான், நிக்கோபார், கட்ச் என்று சுற்றினார். நத்தை, பாம்பு, பல்லி, பறவை எதையும் விடவில்லை. கட்ச் பிரதேசத்தில் ஒரு சிறு பறவையை முதன்முதலாக விவரித்தார். வறண்ட நிலத்தில் வாழும் அந்தச் சிட்டு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கல்கத்தாவில் இருந்த ஆசியச் சங்கத்தின் செயலாளர் வேலையும் பார்த்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் நாடு வெகு தொலைவில் இருந்தது. இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு மனிதனுக்கு இருப்பது ஒரே நாள் பொழுதுதான். ஒரு பக்கம் அள்ளி வைத்தால் இன்னொரு பக்கம் குறைகிறது.

பனிமலையில் நின்ற மூச்சு

1873-ம் ஆண்டு. நான்காவது தொகுதி முடிந்துவிட்டது.

அப்போது ஆங்கிலேய அரசாங்கம் மத்திய ஆசியாவில் உள்ள கஷ்கர் நகருக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அங்கே ஆண்ட யாகூப் பேக்குடன் வியாபார உடன்படிக்கை செய்துகொள்வது நோக்கம். குழுவின் தலைவர் டக்ளஸ் பார்சைத். அறிவியல் ஆராய்ச்சிக்கும் ஒருவர் வேண்டும் என்று முடிவாயிற்று. ஸ்டோலிச்கா புறப்பட்டார்.

போகும் வழி, உலகத்திலேயே கடினமான வழிகளில் ஒன்று. லடாக்கைத் தாண்டிக் காரகோரம் மலை. கணவாயே 18,000 அடி உயரம். காற்று கனம் குறைந்து மெலிந்துவிடும். நான்கு அடி வைத்தால் மூச்சு வாங்கும்.

போகும்போதே ஸ்டோலிச்காவுக்குக் கடுமையான நோய் வந்தது. திரும்பிவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் தேறியதும் குழுவோடு மேலே போனார்.

யார்க்கண்டு பார்த்தார். கஷ்கர் பார்த்தார். பாமீர் பீடபூமியில் நடந்தார். வழியெல்லாம் கல் சேர்த்தார், பறவை சேர்த்தார், குறிப்பு எழுதினார்.

1874 ஜூன் மாதம் குழு திரும்பியது. மறுபடியும் காரகோரம் கணவாய். ஜூன் 16-ந் தேதி வாக்கில் அதைக் கடந்தார்கள். ஸ்டோலிச்காவுக்குத் தலைவலி வந்தது. பிறகு மூச்சுத் திணறல். ஜூன் 19-ந் தேதி, லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் உயிர் பிரிந்தது.

36-வது பிறந்தநாள் வந்து போய் 12 நாள்தான் ஆகியிருந்தது.

மிக உயரமான இடத்தில் மூச்சுக்காற்றுப் போதாமல் மூளையும் நுரையீரலும் வீங்கிவிடும் நோய் ஒன்று உண்டு. அதுதான் அவரைக் கொன்றிருக்கும் என்று இக்காலத்தவர் கருதுகிறார்கள். இன்றானால் உடனே கீழே இறக்கியிருப்பார்கள். பிராணவாயு கொடுத்திருப்பார்கள். பிழைத்திருக்கலாம்.

உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அரசாங்கம் 1876-ல் அங்கே ஒரு கல் தூண் எழுப்பியது.

திரும்பியிருக்கலாமா?

ராமானுஜன் 32 வயதில் போனார். பாரதியார் 38. விவேகானந்தர் 39. இவர்களைப் பற்றிப் பேசும்போது, "இன்னும் இருந்திருந்தால்..." என்று பெருமூச்சு விடுவது வழக்கம். ஸ்டோலிச்கா விஷயத்தில் அதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. நோய் கண்டதும் திரும்பியிருக்க வேண்டாமா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது. பக்கத்திலேயே வேறொரு மனிதர் இருக்கிறார். அவர்தான் பிளான்போர்டு.

உடம்பு கெட்டதும் பிளான்போர்டு அலைகிற வேலையை விட்டார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். "ஓய்ந்துவிட்டார்" என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அதை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர். மெல்ல மெல்ல வானிலையில் இறங்கினார். 1875-ல் இந்திய அரசாங்கத்தின் வானிலைத் துறை தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் அவரே! இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் மறு பருவத்தில் மழை குறையலாம் என்று 1884-ல் எடுத்துக் காட்டினார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி அங்கேயிருந்து வளர்ந்தது. 58 வயது வரை இருந்தார்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்தபடி வானொலியில் மழைச் செய்தி கேட்கும் விவசாயிக்கு, அவருடைய காட்டுக் கல்லையும் அவருடைய மழையையும் ஒரே ஆள் ஆராய்ந்தார் என்பது தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

ஒருவர் உடம்பின் பேச்சைக் கேட்டார். மற்றவர் கேட்கவில்லை. முதல்வர் செய்ததே புத்திசாலித்தனம். அதில் சந்தேகம் இல்லை. வீட்டில் நாலு பேர் நம்பியிருக்கும் குடும்பஸ்தர்கள் ஸ்டோலிச்கா வழியில் போகக் கூடாது. ஆனால் அவரைப் பார்த்து "வாழ்க்கையை வீணாக்கிவிட்டார்" என்று சொல்லவும் நாக்கு வராது. ஏனென்றால், புறப்படும் முன்பு அவர் பாக்கி வைக்கவில்லை. அரியலூர்க் கடலின் கடைசித் தொகுதியை முடித்துக் கொடுத்துவிட்டே மலை ஏறினார். கடைசிப் பயணத்தில் எழுதிய குறிப்புகளும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன. மற்றவர்கள் படித்து விளங்கிக்கொள்ளும்படி இருந்தன. பிளான்போர்டின் அண்ணன் வில்லியம் முதலிய நண்பர்கள் அவற்றை எடுத்து எழுதி வெளியிட்டார்கள்.

முன்பு ஹென்றி பிளான்போர்டு பாதியில் விட்டதை ஸ்டோலிச்கா முடித்தார். இப்போது ஸ்டோலிச்கா பாதியில் விட்டதை பிளான்போர்டின் அண்ணன் முடித்தார். கடன் தீர்ந்தது!

நொறுங்கிய ராட்சதன்

மனிதனுக்குத்தான் காலம் குறைவு, கல்லுக்கு என்ன என்று கேட்கலாம். அதுவும் சரியல்ல.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியல் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். 1987-ல் அந்த விலங்குக்கு "பிருஹத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். "பெரிய உடம்புப் பல்லி" என்று பொருள். உலகில் வாழ்ந்த டைனோசர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அவ்வளவு பெரியதா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

எலும்பைக் கொண்டுவந்து காட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் எலும்பு இல்லை! களிமண்ணில் ஊறிக் கிடந்த எலும்புகள், வெளியே வந்ததும் வெடித்துப் பொடிப்பொடியாகிவிட்டன. சுமார் 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளிச்சத்தில் சில காலம் தாங்கவில்லை. எழுதி வைத்த அளவுகளும் வரைந்த படங்களும் எடுத்த புகைப்படங்களும்தான் மிச்சம்.

மற்றக் கற்களுக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு மழைக்கும் காரை பக்கத்துப் பள்ளங்களில் மண் கரைந்து புதிய சிப்பிகள் வெளியே தெரிகின்றன. அடுத்த மழை அவற்றை அடித்துக்கொண்டு போகிறது. சுரங்கத்தில் வெட்டுகிற சுண்ணாம்புக் கல் ஆலைக்குப் போய் மாவாகிறது. சிமெண்டும் வேண்டும், ஆலையில் வேலையும் வேண்டும். அரைபடும் முன்பு யாராவது ஒருவர் ஒரு தடவை குனிந்து பார்த்தால் நல்லது.

மக்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தபோது, அரியலூர் பெயர் ஊர் ஊராகப் பேசப்பட்டது. 2020-ல் குன்னத்தில் உருண்டையான கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்று செய்தி பறந்தது. கூட்டம் கூடிவிட்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல் சேறு உருண்டு இறுகிய கல் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். அந்த உருண்டையும் பல கோடி ஆண்டுப் பழையதுதான். முட்டை இல்லை என்றதும் மதிப்புப் போய்விட்டது!

அரியலூரை அடுத்த வாரணவாசியில் இந்தக் கற்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம். அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஒவ்வொரு சிப்பிக்கும் நிலவியல் புத்தகங்களில் ஒரு லத்தீன் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், அதை முதலில் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் போடுவது அறிவியல் உலகின் வழக்கம். அரியலூர்ச் சிப்பிகளின் பட்டியலை எடுத்தால், சிலவற்றின் பக்கத்தில் "போர்ப்ஸ், 1846" என்று இருக்கும். சிலவற்றில் "பிளான்போர்டு" என்று இருக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது ஸ்டோலிச்காவின் பெயர்.